வெட்டுக்கிளிக் குன்றில் ஊற்றைத் தேடி

மெக்ஸிகோ சென்று திரும்பினோம் என்றதும் நம் சங்கத்து அன்பர்கள் பலரும் முதலில் கேட்டது, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதுதான். தங்கை வீட்டில் சாப்பிட்டோம். ஆகவே அதைப் பற்றி எழுத அதிகமில்லை. இரண்டாவது கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆயினும் முகக்குறிப்பில் தெரிந்தது. மீரஜ் சரக்கு அலுவலகத்தில் பேனா பிடிக்கும் குமாஸ்தாக் குடும்பம் இத்தனை தொலைவு போனது எவ்வாறு? தங்கையின் கணவர் மெக்ஸிகோ நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் உத்தியோகம் பார்க்கிறார். எங்கள் அன்னையாரைச் சில மாதங்கள் தம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமென்பது அவருடைய விருப்பம். அறுபத்தாறு வயதான அம்மா தனியே விமானம் ஏறச் சம்மதிக்கவில்லை. எனவே துணைக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து மாப்பிள்ளையே டிக்கெட் அனுப்பிவிட்டார். அலுவலகத்தில் அனுமதிக் கடிதமும் இருபது நாள் விடுப்பும் பெற்றுக்கொண்டு, இவ்வாண்டு மாசி மாதத்தில் தம்பதியராய் அம்மாவுடன் புறப்பட்டோம்.

"இருந்து பார்க்கிறேன். மனம் ஒட்டவில்லை என்றால் உங்களோடேயே திரும்பி விடுவேன்" என்று அம்மா புறப்படும்போதே சொல்லிவிட்டார். பகலில் தங்கையும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆறு வயதுப் பேத்திக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும். வாயில் வருவதெல்லாம் ஸ்பானிய மொழி. அம்மா அறிந்தது, பிறந்த அம்பாசமுத்திரத்துத் தமிழும், மணமாகி வந்தபின் நாற்பத்தைந்து வருஷங்களாக மீரஜில் பழகிய மராட்டியும். இவ்விரண்டில் எதைக் கொண்டு அந்த ஊரில் ஒரு பகற்பொழுதைக் கழிப்பது? போகும்போது மூவர், வரும்போதும் மூவர் என்றே நாங்கள் கணக்கிட்டிருந்தோம்.

மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தின் உயரமும் அதுவே. ஆனால் உதகைக்குப் போகிறவர் மலையேறிப் போகிறோம் என்று அறிந்து போகிறார். இங்கோ, கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியாகத் தோன்றும் பெருநகரில் இரண்டு மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது. "முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள், அத்தை. மரநிழலில் நடந்தால் இன்னும் நல்லது" என்றார் மாப்பிள்ளை. தங்கை உடனே சொன்ன இடம் சாபுல்தெபெக்.

அந்நகரத்து மக்கள் அதைப் பூங்கா என்று சொல்வதில்லை; வனம் என்றே சொல்கிறார்கள். வனத்தின் பழைய மூன்று பிரிவுகளும் சேர்ந்து 686 ஹெக்டேர் விஸ்தீரணம், அதாவது ஏறக்குறைய 1,700 ஏக்கர். மேற்கே, முன்பு ராணுவத்தின் வசமிருந்த நிலத்தில் நான்காவது பிரிவு ஒன்றும் அண்மையில் சேர்ந்திருக்கிறது. 1530-ஆம் ஆண்டிலேயே ஸ்பானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இவ்வனத்தை நகரத்தாரின் பொதுச்சொத்தாக ஆக்கினார். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ஆனால் திங்கட்கிழமை முதற்பிரிவின் கதவுகள் அடைபட்டிருக்கும். இதை அறியாமல் நாங்கள் மூவரும் முதன்முறை சென்றது ஒரு திங்கட்கிழமை! இருபுறமும் வெண்கலச் சிங்கங்கள் வீற்றிருக்கும் வாயிலின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே தெரிந்த மரங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த வீண் பயணத்திலும் ஒரு லாபம் கிடைத்தது. போகும் வழியை அம்மா கற்றுக்கொண்டார். தங்கையின் வீடு பால்தெராஸ் என்ற நிலையத்தின் அருகே இருக்கிறது. அங்கிருந்து பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலில் போகவேண்டும். ரயில்வேக்காரர் என்ற முறையில் இந்த ரயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதன் பெட்டிகள் ரப்பர் டயர்களின் மீது ஓடுகின்றன; ஆதலால் நமக்குப் பழகிய 'தடக் தடக்' ஓசை இல்லை. அதனினும் வியப்பு, ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு சித்திரமும் உண்டு என்பது. 1969-இல் முதற்பாதை திறந்தபோது லான்ஸ் வைமன் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் வகுத்த முறை இது. எழுத்தறியாதவரும் சித்திரத்தைப் பார்த்து இறங்கலாம். பால்தெராஸுக்குப் பீரங்கி, அடுத்து வரும் குவாத்தெமோக்குக்குக் கழுகுத் தலை, இன்சுர்கென்தெஸுக்கு மணி, செவீயாவுக்கு வளைவு வளைவாக ஒரு நீர்ப்பாலம், சாபுல்தெபெக்குக்கு வெட்டுக்கிளி. பழைய நவாத்ல் மொழியில் சாபுல்தெபெக் என்றாலே வெட்டுக்கிளிக் குன்று என்றுதான் பொருள். திரும்பும்போது அம்மா விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார். பெயர்களில் ஒன்றும் அவர் வாயில் நுழையவில்லை. படங்கள் ஐந்தும் மனத்தில் நின்றுவிட்டன.

அந்தச் சனிக்கிழமை குடும்பத்துடன் போனோம். வனத்தை ஒட்டிய சாலைகளில் ஜகரண்டா மரங்கள் இலையே தெரியாமல் ஊதா நிறமாகப் பூத்து நின்றன. புணேயிலும் பெங்களூரிலும் வசிக்கும் அன்பர்கள் இம்மரத்தை அறிவார்கள். இது மெக்ஸிகோவின் சொந்த மரமன்று. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இதை இந்நகரில் பரப்பியவர் தத்சுகோரோ மட்சுமோட்டோ என்ற ஜப்பானியத் தோட்டக் கலைஞர் என்கிறார்கள். செர்ரி மரம் வைக்கலாமா என்று சர்க்கார் கேட்டபோது, இந்த ஊர்க் குளிர் செர்ரி பூக்கப் போதாது என்று சொன்னவர் அவர். பிழைக்க வந்த ஒருவர் வேறு தேசத்து மரத்தைத் தேர்ந்து வைக்க, இன்று அதுவே நகரத்தின் மாசி, பங்குனி அடையாளமாகிவிட்டது.

வாயிலைத் தாண்டியதும் வெயில் போன இடம் தெரியவில்லை. சாம்பல் நிற அணில்கள் சிறிதும் அச்சமின்றிக் காலடியில் வந்து நின்று கையைப் பார்க்கின்றன. நம் அணிலைப்போல் இரண்டு மடங்கு பெரியவை. முதுகில் மூன்று கோடு இல்லை. "இராமர் தடவிக் கொடுக்காத அணில்" என்றார் அம்மா. பாதையோரம் மாங்காய்க் கீற்றில் மிளகாய்த் தூளும் உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து விற்றார்கள். ஒரு கீற்றை வாயில் போட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. பக்கத்துக் கூடையில் வறுத்த வெட்டுக்கிளியும் தின்பண்டமாக இருந்ததை நாங்கள் அவருக்குக் காட்டவில்லை. கடைகள் சற்று மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடுமுறை நாட்களில் முன்வாயிலின் பக்கம் பலூன்காரர்களின் கூச்சல் ஓயாது. காடு வேண்டுமென்பவர் அரை பர்லாங் உள்ளே நடக்கவேண்டும்.

உள்ளே நடந்தால் அவெவெத்தே மரங்கள் வருகின்றன. இது மெக்ஸிகோவின் தேசிய மரம். சவுக்கைப்போல் மெல்லிய இலை, முறுக்கிப் பிழிந்த துணிபோல் அடிமரம். இதன் பெயருக்கு 'நீரின் முதியவர்' என்று பொருள் சொல்கிறார்கள். ஆற்றங்கரையிலும் ஊற்றடியிலும் வளர்வதால் அப்பெயர். தாமிரபரணிக் கரையில் மருதமரம் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த மரத்தடியில்தான் பேத்தி, பள்ளியில் கற்ற பாடத்தை ஸ்பானிய மொழியில் மளமளவென்று ஒப்பித்தாள். தங்கை தமிழில் சொன்னாள்: "பழைய காலத்தில் ஊருக்கெல்லாம் தண்ணீர் இந்தக் குன்றிலிருந்துதான் போனதாம், அம்மா. இங்கே ஊற்று இருந்ததாம்."

"ஊற்று எங்கே? பார்த்துவிட்டுப் போவோம்" என்றார் அம்மா.

அன்று தொடங்கிய தேடல் எங்கள் விடுப்பு முடியும்வரை நீடித்தது.

மெக்ஸிகோ நகரம் இருக்குமிடத்தில் முன்பு தெனோச்சித்லான் இருந்தது. ஏரிக்கு நடுவே ஒரு தீவில் எழுந்த அஸ்தெக் தலைநகரம். சுற்றிலும் நீர், ஆனால் உப்பு நீர். குடிக்க நன்னீர் வேண்டுமானால் சாபுல்தெபெக் குன்றின் அடிவாரத்து ஊற்றுகளே கதி. 15-ஆம் நூற்றாண்டில் தெஸ்கோகோ நாட்டு மன்னரும் கவிஞருமான நெசவால்கொயோட்ல், இங்கிருந்து ஏரியின் குறுக்கே தலைநகருக்கு நீர்ப்பாலம் அமைக்க வழிகாட்டினார். அதில் இரண்டு கால்வாய்கள் அடுத்தடுத்து ஓடின. ஒன்றைத் தூர் எடுத்துச் சுத்தம் செய்யும்போது மற்றொன்றில் நீர் போய்க்கொண்டிருக்கும். இரட்டைத் தண்டவாளத்தின் அருமை அறிந்த எங்களுக்கு அந்த யோசனையின் சிறப்பு உடனே விளங்கிற்று. 1521-இல் ஸ்பானியர் நகரை முற்றுகையிட்டபோது முதல் காரியமாக இந்நீர்ப்பாலத்தைத்தான் உடைத்தார்கள். பின்னர் ஸ்பானியர் ஆட்சியில் வளைவுகளின் மீது புதிய நீர்ப்பாலம் கட்டப்பட்டது. அதில் சில வளைவுகள் இன்றும் சாலை நடுவே நிற்கின்றன. செவீயா நிலையத்துச் சித்திரம் அதுவே.

ஊற்றைத் தேடிப் போனால், குன்றின் அடியில் 'மொக்தெசுமாவின் குளியல் துறை' என்ற பலகையும் கல்லால் கட்டிய தொட்டியும் இருக்கின்றன. எட்டிப் பார்த்தோம். உலர்ந்த கல், சில சருகுகள். நகரம் பெருகப் பெருக, பூமிக்கடியிலிருந்த நீரை இறைத்து இறைத்து ஊற்றுகள் வற்றிவிட்டன என்று மாப்பிள்ளை சொன்னார். நீர் குறையவே அடியிலுள்ள களிமண் சுருங்கி, நகரமே அமிழ்கிறது. சில பகுதிகளில் ஆண்டுக்கு அரை மீட்டர் அளவுகூட இறங்குகிறதாம். வனத்துக்கு வரும் பெருவீதியில் 1910-இல் எழுப்பிய சுதந்திரத் தூண் ஒன்று உண்டு. அது ஆழமான அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்க, சுற்றிலும் வீதி தாழ்ந்து போயிற்று. ஏறுவதற்குப் பின்னர் 14 படிகள் கூடுதலாகக் கட்டவேண்டி வந்தது.

குளியல் துறைக்குச் சற்றுத் தள்ளி, கிளையும் இலையும் இன்றி ஒரு மாபெரும் அடிமரம் நிற்கிறது. சுமார் 15 மீட்டர் உயரம்; சுற்றளவு பன்னிரண்டு மீட்டருக்கு மேல். ராணுவப் பள்ளி மாணவர்கள் இட்ட பெயர் 'சார்ஜண்ட்'. நெசவால்கொயோட்ல் மன்னர் 1460-ஐ ஒட்டி நட்ட அவெவெத்தே என்பது மரபு. ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்து 1969-இல் பட்டுப்போயிற்று. முதற்பாதை ரயில் இவ்வனத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்த ஆண்டும் அதுதான்.

"பட்ட மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார்களே, ஏன் ஐயா?" என்று அம்மா எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். பதில் தெரியாமல் விழித்தோம். பேத்தி, ஆச்சியின் கையைப் பற்றிக்கொண்டு ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். "அது தூங்குகிறது என்கிறாள்" என்றாள் தங்கை. அம்மா எதிரே இருந்த பெஞ்சில் அமர்ந்துவிட்டார். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

குன்றின் உச்சியில் மாளிகை இருக்கிறது. 1785-இல் ஸ்பானிய ஆளுநர் கட்டத் தொடங்கியது. ராணுவப் பள்ளியாகவும், சக்கரவர்த்தி மாக்ஸிமிலியனின் அரண்மனையாகவும், ஜனாதிபதிகளின் இல்லமாகவும் இருந்து, இப்போது தேசிய வரலாற்று அருங்காட்சியகம். 1847 செப்டம்பர் 13-இல் அமெரிக்கப் படைகளை எதிர்த்து இங்கே மாண்ட ஆறு இளம் மாணவர்களுக்கு அடிவாரத்தில் நினைவுச் சின்னம் உண்டு. அம்மாவுக்கு ஏற முடியாததால் நாங்கள் இருவர் மட்டும் விரைவாகப் பார்த்து இறங்கினோம். அரண்மனைகள் எங்கும் ஒரே மாதிரிதான்.

ஏரியில் குழந்தைகள் காலால் மிதிக்கும் படகுகளை ஓட்டினார்கள். வாத்துகள் ஒதுங்கி வழிவிட்டன. "இதுதான் ஊற்று நீரோ?" என்று அம்மா கேட்டார். இல்லை, வெட்டிய ஏரி. நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து இதில் விடுகிறார்கள். அம்மா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வார நடுவில் ஒரு நாள், வனத்துக்குள்ளேயே இருக்கும் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1964-இல் திறந்தது. அதை முழுதும் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும். வாசலில் நிற்கும் கல்லை மட்டும் சொல்கிறோம். த்லாலோக் என்ற மழைத் தெய்வத்தின் சிலை என்கிறார்கள். ஒரே கல், எடை 167 டன். சரக்கு வாகன் ஒன்று 60 டன் தாங்குமென்று கொண்டாலும் மூன்று வாகன்கள் வேண்டும். ஆனால் கல்லை மூன்றாக வெட்ட முடியாது! கோவாத்லின்சான் என்ற கிராமத்தில் கிடந்த இக்கல்லை எடுக்க வந்தபோது கிராமத்தார் மறித்தார்கள், வண்டியைச் சேதப்படுத்தினார்கள். ராணுவம் வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவ நிலையமும் தருவதாகச் சொல்லிக் கல்லை எடுத்துப் போனார்கள். 1964 ஏப்ரல் 16 அன்று, மழைக்காலம் தொடங்குமுன்பே, கல் நகருக்குள் நுழைந்த இரவு பெருமழை கொட்டியதை இன்றும் மக்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

"அந்தக் கிராமத்தில் மழை பெய்ததா?" என்று அம்மா கேட்டார். மாப்பிள்ளைக்கும் அது தெரியவில்லை.

ஊற்று வற்றிய நகரத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இதை அடுத்த சனிக்கிழமை, பெருஞ்சாலைக்கு மேற்கே உள்ள இரண்டாம் பிரிவில் கண்டோம். லெர்மா ஆற்றுப் பள்ளத்தாக்கு நகருக்கு மேற்கே, மலைக்கு அப்பால் இருக்கிறது. மலையைக் குடைந்து அந்நீரைக் கொணர்ந்து 1951-இல் இவ்வனத்தில் சேர்த்தார்கள். நீர் வந்து விழுந்த தொட்டியின் மீது ஒரு சிறு மண்டபம், பெயர் கார்காமோ. தொட்டியின் தரையிலும் சுவர்களிலும் புகழ்பெற்ற ஓவியர் தியேகோ ரிவேரா சித்திரம் தீட்டியிருக்கிறார். நீருக்கடியிலேயே இருக்கும்படி தீட்டிய சித்திரம்! நுண்ணுயிர்கள் நீரில் பிறந்து, படிப்படியாக உருமாறி, மனிதராக எழுந்து நிற்கும் காட்சி. மண்வெட்டியும் கடப்பாறையும் ஏந்திய தொழிலாளர் ஒரு பக்கம், வரைபடம் விரித்த பொறியாளர் ஒரு பக்கம், நீருக்குக் கையேந்தும் மக்கள் ஒரு பக்கம். நீர் வரும் குகைவாயின் மேலே இரண்டு பெரிய கைகள் குவிந்து நீரை வார்க்கின்றன. ஓடும் நீரில் வண்ணம் கரையத் தொடங்கியதால் பின்னாளில் நீரை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். 2010-இல் செப்பனிட்டுத் திறந்த அந்த உலர்ந்த தொட்டியின் விளிம்பில் நின்று நாங்கள் பார்த்தோம்.

அம்மா வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாப்பிள்ளை, தண்ணீர் கொடுத்த ஊரில் இப்போது தண்ணீர் இருக்கிறதா?" என்றார்.

மாப்பிள்ளை சற்றுத் தயங்கினார். "அங்கே பெரிய நீர்நிலைகள் இருந்தன, அத்தை. மீன் பிடித்தும் கோரை அறுத்தும் பிழைத்தார்கள். இங்கே நீர் வரத் தொடங்கியபின் அவை மிகவும் சுருங்கிவிட்டன. அதுவும் போதாமல் இப்போது இன்னும் தொலைவிலிருந்து, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்த்தி இறைத்து, நீர் கொண்டுவருகிறார்கள்" என்றார்.

எங்கள் மேஜை நினைவுக்கு வந்தது. 2016 ஏப்ரலில் லாத்தூர் வறண்டபோது மீரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. முதல் வண்டியில் 10 டாங்க் வாகன்கள், சுமார் 5 லட்சம் லிட்டர். பின்னர் 50 வாகன்கள், 25 லட்சம் லிட்டர். சிமெண்டும் சர்க்கரையும் எழுதிப் பழகிய பத்தியில் 'தண்ணீர்' என்று எழுதக் கை ஒரு கணம் நின்றது. கிருஷ்ணை நதிக்கரையில் இருந்துகொண்டு, கொடுப்பவர்கள் நாம் என்று அன்று ஊரே பெருமைப்பட்டது. சில மாதம் கொடுத்தால் பெருமை. எழுபது ஆண்டு கொடுத்தால் என்ன சொல்வது என்று இந்தத் தொட்டியின் விளிம்பில் நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தோம். அம்மா மணமாகி மீரஜ் வந்த புதிதில், ரயில்வே குடியிருப்பின் ஒற்றைக் குழாயடியில் விடியுமுன் குடத்தோடு நின்றவர். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

விடுப்பின் கடைசி ஞாயிறு வந்தது. அன்று காலை அம்மா, "இன்றைக்கு வழி காட்டுவது எங்கள் வேலை. நீங்கள் பின்னால் வாருங்கள்" என்று சொல்லிப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். எங்கள் நால்வருக்கும் சிரிப்பு, கூடவே பயம். பெட்டியின் மறுகோடியில் நின்று கவனித்தோம். நிலையம் வரவர அம்மா சன்னலுக்கு வெளியே விரலை நீட்டினார். "பீரங்கி... கழுகு... மணி..." பேத்தி ஒவ்வொன்றையும் ஆச்சியோடு சேர்ந்து சொன்னாள். நீர்ப்பாலம் வந்தபோது அவள் அதற்குத் தமிழ் கேட்டாள். அம்மா சொன்னார். வெட்டுக்கிளி வந்தபோது அம்மா வாயைத் திறக்கவே இல்லை. குழந்தையே உரக்கக் கூவினாள். 'ட்டு' மட்டும் சரியாக வரவில்லை. எதிரே இருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே அம்மாவுக்குத் தலை தாழ்த்தினார்; அம்மா கைகூப்பினார். தங்கை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சார்ஜண்ட் மரத்தின் எதிரே அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜோல்னாப் பையிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை எடுத்து அம்மா பங்கிட்டார். அணில்களுக்கு ஒன்றும் போடக்கூடாதென்று பலகை வைத்திருந்தார்கள். ஆனால் அணில்கள் அதைப் படிக்கவில்லை.

"இங்கே மழை எப்போது, மாப்பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"ஜூனில் தொடங்கும், அத்தை. நம் கணக்கில் வைகாசி கடைசி. பிறகு தினமும் மாலையில் பெய்யும்."

"அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த மரம் நனைந்தால் எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும்." பிறகு எங்களைப் பார்த்து, "வீட்டில் துளசிக்கு மட்டும் தண்ணீர் விட மறக்காதீர்கள்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. வனத்துக்கு விடுமுறை. நாங்கள் இருவரும் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம்.